வாளித் தண்ணீருக்குக் காவல்

நீல வாளியின் கைப்பிடியை அவள் பிடித்துவிட்டாள். மறு கையில் சோப்புத்தூள் டப்பா, தோளில் தலையணை உறைகள்.

"தொடாதே," என்றேன்.

என் மனைவியிடம் இந்தச் சொல்லை நான் அதற்கு முன் பயன்படுத்தியதில்லை. வேறு யாராவது சொல்லிவிட்டார்களோ என்று நானே ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டேன். அவள் கைப்பிடியை விடவில்லை. தூக்கவும் இல்லை.

"தண்ணிதானே?"

"மீனுக்கு வெச்ச தண்ணி."

"மீன் ஹால்ல இருக்கு. தண்ணி பாத்ரூம்ல இருக்கு."

"நாளைக்குச் சாயங்காலம் ரெண்டும் ஒண்ணு சேரும். அதுவரைக்கும் இது திறந்து கிடக்கணும். ஒரு துளி சோப்பு பட்டாலும் போச்சு."

"சரி, சிவப்பு வாளி?"

"அதுவும்தான்."

"பச்சை?"

"மூணும் ஒரே குடும்பம்."

அவள் சோப்புத்தூளைக் கீழே வைத்தாள். நான் விளக்க ஆரம்பித்தேன். குழாய்த் தண்ணீரில் கிருமியைக் கொல்லக் குளோரின் கலக்கிறார்கள். குளோரினுக்குக் கிருமி எது, மீன் எது என்று தெரியாது. அதன் கண்ணுக்கு எல்லாம் ஒன்றுதான். அப்படியே தொட்டியில் ஊற்றினால் மீனின் செவுள் வெந்துவிடும். அதனால் தண்ணீரை ஒரு நாள் முழுக்கத் திறந்து வைத்து ஆறவிட வேண்டும். அதுவும் சும்மா ஆறாது. மணிக்கு ஒருமுறை கிளற வேண்டும். கிளற ஆள் பக்கத்திலேயே இருக்க வேண்டும். பல்லி விழலாம். தூசி விழலாம். தலையணை உறை விழலாம். வாரா வாரம் தண்ணீர் மாற்ற வேண்டும் என்பதால் வாரா வாரம் காவலும் இருக்க வேண்டும். எனக்கு விடுமுறை ஞாயிற்றுக்கிழமைதான். ஆகவே என் ஞாயிறுகள் இனி மீனுக்கு.

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது குரல் தழுதழுத்தது. ஒத்திகை பார்க்காமலே வந்தது.

அவள் டிப்போ முகத்தோடு கேட்டுக்கொண்டிருந்தாள். அதைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் மனைவி பஸ் டிப்போவில் டைம் கீப்பர். டிரைவர்களுக்கு வண்டி ஒதுக்குவதும் லீவு கொடுப்பதும் அவள் கையில். விடிந்தது முதல் அவள் மேஜை முன்னால் மனிதர்கள் வந்து நின்று காரணம் சொல்வார்கள். ஒரு டிரைவரின் தாத்தா, வண்டிக்கு ஆயில் மாற்றும் போதெல்லாம் இறந்துகொண்டிருந்தார். இவள் யாருக்கும் மறுத்ததே இல்லை. ஏன் என்று ஒருமுறை கேட்டேன்.

"பொய்க் காரணத்தை மறுத்தா இன்னும் நல்ல பொய்யா யோசிச்சுட்டு வருவாங்க," என்றாள். "ஒத்துக்கிட்டா, அதுக்குள்ளயே குடியிருந்தாகணும்."

கால் சுளுக்கு என்று சொன்ன ஒருவரை அவள் நாற்காலியை விட்டு எழவே விடவில்லை. குடிக்கத் தண்ணீர், சாப்பாடு, எல்லாம் கைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள். கழிவறைக்குப் போக இரண்டு கிளீனர்களைத் தாங்கலுக்கு நிறுத்தினாள். வாரக் கடைசியில் அவர் டிப்போவைச் சுற்றி ஓடிக் காட்டினாராம். கேட்டு நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அது டிரைவர்களுக்கு மட்டுமான விதி என்று நினைத்திருந்தேன்.

"நீங்க குளிக்கப் போனா?" என்றாள் இப்போது.

"சீக்கிரம் வந்துடுவேன்."

"தூக்கம் வந்தா?"

"வராது."

"தம்பி வீட்டுக்கு?"

நான் தலை குனிந்து நீல வாளியைப் பார்த்தேன். "எனக்கு மனசு இருக்கு. தண்ணி விடாது."

அவள் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வந்ததுபோல வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள். தலையணை உறைகளைக் குழம்புப் பாத்திரத்தில் ஊறப்போட்டுவிட்டுத் தம்பிக்குப் போன் செய்தாள். அத்தானுக்கு இனிமேல் ஞாயிற்றுக்கிழமை வீட்டில்தான் வேலை, பாவம், ஒரு நிமிஷம்கூட நகர முடியாதாம் என்று அவள் சொல்வது சமையலறையிலிருந்து கேட்டது. நான் பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு, மூன்று வாளிகளுக்கும் நடுவில் சத்தமில்லாமல் ஒரு சுற்று ஆடினேன்.

என் மைத்துனன் ஒரு பழைய வீட்டை வாங்கியிருந்தான். அதற்குத் தானே பெயிண்ட் அடிப்பது என்று முடிவு செய்திருந்தான். தானே என்றால் என்னையும் சேர்த்து. ஞாயிறுதோறும் நான் ஏணி பிடித்தேன். வேறு வேலை எதையும் என்னை நம்பிக் கொடுக்கமாட்டான். ஏணி பிடிப்பவனின் முகம் மேலே பார்த்திருக்கும். பெயிண்ட் கீழே பார்த்து வரும். ஒரு சுவரை முடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்ப்பான். காய்ந்த பிறகு நிறம் வேறு மாதிரி இருக்கிறதே என்பான். மறு ஞாயிறு அதே சுவர், வேறு நிறம்.

நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் பார்வை அளப்பவன். பிறர் கண்ணுக்குள் எட்டிப் பார்ப்பது என் தொழில். திங்கட்கிழமை காலையில் எனக்கு எதிரே உட்காருகிறவர்கள் எழுத்துப் பலகையை விட்டுவிட்டு என் புருவத்தைப் படித்தார்கள். "மஞ்சளா, சார்?" என்பார்கள். "போன வாரம் நீலம்னு நெனைக்கிறேன்." அவர்கள் பார்வை நன்றாக இருப்பதாக எழுதிக்கொடுத்து அனுப்புவேன். வேலையில் நான் கெட்டிக்காரன்தான். சமீபத்தில் என் மனைவிக்கு வாசிப்புக் கண்ணாடி நானே போட்டுக் கொடுத்தேன். பலகையின் கடைசி வரி எறும்பு ஊர்ந்ததுபோல இருக்கும். அதைத் தடங்கலில்லாமல் படித்ததோடு, அதற்கும் கீழே பலகையை அச்சடித்தவரின் விலாசத்தையும் படித்தாள். என் கைவண்ணத்தில் எனக்கே பெருமையாக இருந்தது.

எங்கள் கடைக்குப் பக்கத்தில் வண்ணமீன் கடை. ஒரு மதிய இடைவேளையில் அங்கே போய் நின்றேன். ஒரு தொட்டியில் குண்டாக ஒரு தங்கமீன் இருந்தது. எங்கள் மேனேஜர் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடியது. ஆனால் எந்த உத்தரவும் வெளியே வரவில்லை. அங்கேயே எனக்குப் பிடித்துப்போய்விட்டது. வீட்டுக்கு வந்ததும் அதற்கு மேனேஜர் என்றே பெயர் வைத்தேன். நான் தொட்டி அருகே போனால் எங்கிருந்தாலும் நீந்தி வந்து கண்ணாடியில் மூக்கை வைக்கும். எங்கள் வீட்டில் என்னைக் கண்டதும் எழுந்து வருகிற ஜீவன் அது ஒன்றுதான்.

தண்ணீரைப் பற்றிச் சொன்னவர் கடைக்காரர். முன்பெல்லாம் குழாய்த் தண்ணீரை ஒரு நாள் திறந்து வைத்தால் போதும், குளோரின் காற்றோடு போய்விடும் என்றார். அந்த வாக்கியத்தில் என் ஞாயிற்றுக்கிழமைகள் வரிசையாக எழுந்து நின்று கை தட்டின. ஆனால் அவர் நிறுத்தவில்லை. இப்போது இந்த ஊர்த் தண்ணீரில் குளோரினைத் தனியாக விடுவதில்லை, அமோனியாவோடு சேர்த்துத்தான் விடுகிறார்கள்.

"தனி ஆளா இருந்தா நேரம் வந்ததும் கெளம்பிடும் சார். ஜோடி சேந்துட்டா எங்க போகும்? வெச்ச இடத்துலயே கெடக்கும்."

எனக்கு உடனே புரிந்தது.

அதற்கு மருந்து ஒரு சின்ன பாட்டில். வாளித் தண்ணீரில் அளவாகச் சில சொட்டு விட்டால் சில நிமிஷங்களில் இரண்டையும் முறித்துவிடும். பிறகு தண்ணீரின் சூடு தொட்டித் தண்ணீரோடு ஒத்திருக்கிறதா என்று மணிக்கட்டால் பார்த்து ஊற்றவேண்டியதுதான். தொட்டியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மாற்றக் கூடாது. ஃபில்டர் பஞ்சைக் குழாயடியில் அலசக் கூடாது, தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரிலேயே அலச வேண்டும், இல்லாவிட்டால் அதில் குடியிருக்கிற நல்ல கிருமிகளும் செத்துப்போகும். மொத்தத்தில் கால் மணி நேர வேலை.

அவர் சொன்னதில் முதல் பாதியை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். கிளறுவது என் சொந்தச் சேர்க்கை. மறு பாதி பாட்டிலுக்குள் இருந்தது. அதன் லேபிளில் கொட்டையாக எழுதியிருந்ததை நகத்தால் சுரண்டினேன். பொடி எழுத்தை விட்டுவிட்டேன். நாற்பது தாண்டியவர்கள் பொடி எழுத்தைப் படிப்பதில்லை என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? பிறகு பாட்டிலைச் செருப்பு அலமாரியின் கீழ்த்தட்டில், ஷூ பாலீஷ் டப்பாவுக்குப் பின்னால் வைத்தேன். வீட்டில் அதைவிடப் பத்திரமான இடம் கிடையாது. கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்தத் தட்டில் நான் கை விட்டதில்லை. என் ஷூ எப்போதும் பளபளவென்று இருக்கும். நல்ல தோல்.

முதல் ஞாயிறு.

அவள் காலையிலேயே தம்பி வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். கதவு சாத்தும் ஓசை கேட்டதும் பாட்டிலை எடுத்தேன். சொட்டு விட்டேன். ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைத் தொட்டியில் விட்டு மறு முனையை வாயால் உறிஞ்சினேன். பழைய தண்ணீர் ஒரு வாய் உள்ளே போனது. அதுவும் அன்று இனிப்பாகத்தான் இருந்தது. புதுத் தண்ணீர் ஊற்றினேன். மேனேஜர் விழுகிற தண்ணீரில் எதிர்நீச்சல் போட்டது. அவள் பஸ் நிறுத்தத்துக்குக்கூடப் போயிருக்கமாட்டாள். என் வேலை முடிந்துவிட்டது. மூன்று வாளிகளிலும் குழாய்த் தண்ணீரை மறுபடி பிடித்து, காவல் காத்தது போலவே வைத்தேன். பிறகு படுத்தேன். எழுந்து பேப்பர் படித்தேன். பேப்பரை முகத்தில் போட்டுக்கொண்டு படுத்தேன். ஏணி இல்லாத ஒரு மேல்கூரையைப் படுத்தபடி பார்ப்பது எவ்வளவு நிம்மதி என்று ஏணி பிடித்தவனுக்குத்தான் தெரியும்.

சாயங்காலம் அவள் வரும் நேரத்துக்கு வாளிகளைக் காலி செய்துவிட்டுத் தலையை நனைத்துக்கொண்டேன். தரையில் ஒரு குவளைத் தண்ணீரைக் கொட்டினேன். சட்டைக் கையை மடித்துவிட்டுப் பெருமூச்சு விட்டபடி நின்றேன்.

அவள் முகம் சிவந்திருந்தது. தலைமுடி காற்றில் பறந்து பரட்டையாக இருந்தது. கண்ணில் ஒரு சந்தோஷம். எனக்குக் குற்ற உணர்ச்சியாகக்கூட இருந்தது.

"ஏணி யாரு பிடிச்சா?"

"ஏணி தேவைப்படலை."

"தரைக்கா பெயிண்ட் அடிச்சீங்க?"

அவள் சிரித்துக்கொண்டே செருப்பைக் கழற்றினாள். கையில் ஒரு பொட்டுப் பெயிண்ட் இல்லை. உறை போட்டுக்கொண்டு வேலை செய்திருப்பாள் என்று நினைத்தேன்.

"பாவம், ரொம்பக் களைச்சுப் போயிருக்கீங்க," என்றாள். "கைலயா கிளறினீங்க?"

அடுத்த ஞாயிற்றுக்குள் தண்ணீர் கிளறுவதற்கென்றே நீளக் காம்பு வைத்த கரண்டி ஒன்று வாங்கிவந்துவிட்டாள். கூடவே டிப்போவில் பழசாகிப் போன ஓர் அலாரம் கடிகாரம். ஓய்வறையில் தூங்குகிற டிரைவர்களை எழுப்பி எழுப்பித் தொண்டை கட்டிய கடிகாரம் அது. மணிக்கு ஒருமுறை அடிக்கும்படி திருகி வைத்தாள். அதை நிறுத்தும் வழி எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. நான் தூங்கினேன். அது எழுப்பியது. நான் தூங்கினேன். அது எழுப்பியது. ஆனாலும் ஏணியைவிட இது மேல் என்று சொல்லிக்கொண்டேன்.

அதற்கடுத்த ஞாயிறு என் மாமனார் வந்தார்.

அவர் என் மைத்துனன் வீட்டில் இருப்பவர். லாரி எடைமேடையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தன் காலத்தில் ஒரு மூட்டை கூடுதலாக ஒரு லாரியும் தன்னைத் தாண்டிப் போனதில்லை என்பார். ஓய்வுக்குப் பிறகு மவுத் ஆர்கன் கற்றுக்கொள்கிறார். யாரிடமும் அல்ல, தானாக.

"அங்க வந்தா அப்பாவுக்குத் தலை சுத்துது," என்றாள் என் மனைவி. பெயிண்ட் நெடியாக இருக்கும் என்று நினைத்தேன். "தனியா விடவும் மனசு வரலை. நீங்கதான் வீட்டை விட்டு நகர முடியாதே. பேச்சுத் துணையா இருப்பாரு."

அப்பாவிடம் அலாரத்தையும் கரண்டியையும் வாளிகளையும் காட்டி, அவரை நம்பித்தான் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். அவர் நாற்காலியைப் பாத்ரூம் வாசலிலேயே போட்டுக்கொண்டார். எடைமேடைக்காரர் அல்லவா, கண் எடுக்கவில்லை.

வாசித்தது ஒரே மெட்டு. ஏறி ஏறிப் போய் ஓர் இடத்தில் வழுக்குவார். வழுக்கியதும் அடிவாரத்துக்கு வந்து முதலிலிருந்து ஏறுவார். நானும் ஒவ்வொரு தடவையும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவரோடு ஏறினேன். ஒவ்வொரு தடவையும் சேர்ந்து விழுந்தோம். நடு நடுவே அலாரம் அடிக்கும். வாத்தியத்தைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு எழுந்து, நீலம், சிவப்பு, பச்சை என்று முறையாகக் கிளறிவிட்டு வருவார். மேனேஜர் கண்ணாடியில் மூக்கை வைத்து வாயைத் திறந்தபடி நின்றது.

"ரசிக்குது பாருங்க, மாப்பிள்ளை," என்றார்.

என் பிரச்சினை வேறு. சொட்டு மருந்து விட வேண்டும். இவர் வாசலில் உட்கார்ந்திருக்கிறார். காப்பி போட்டுத் தருகிறேன், கூடத்தில் உட்காருங்கள் என்றேன். இங்கேயே கொடுங்கள் என்றார். வாசலில் யாரோ கூப்பிடுகிறார்கள் என்றேன். நீங்கள் போய்ப் பாருங்கள், தண்ணீரை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். கடைசியில் தொழில்தான் கை கொடுத்தது. மாமா, உங்கள் பார்வையைச் சோதித்து ரொம்ப நாளாகிறது என்று சொல்லி, எதிர்ச் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் படிக்கச் சொன்னேன். வலது கண்ணை மூடுங்கள். படியுங்கள். இடது கண்ணை மூடுங்கள். படியுங்கள். இப்போது இரண்டையும் மூடுங்கள்.

"ரெண்டையும் மூடிட்டு எப்படிப் படிக்கறது?"

"படிக்க வேண்டாம். ஓய்வு."

அவர் ஓய்வெடுத்தபோது நான் சொட்டு விட்டேன். இரண்டு வாளி முடிந்து மூன்றாவது வாளிக்குப் போகையில் ஒரு கண்ணைத் திறந்துவிட்டார்.

"அது என்ன பாட்டில்?"

"கண்ணுக்கு," என்றேன். "சொட்டு மருந்து. எனக்கு இடது கண்ணுல ஒரு உறுத்தல்."

அன்று சாயங்காலம் மகள் வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் அவர் அந்தச் செய்தியைச் சொல்லிவிட்டார். அவள் என் முகத்தைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பினாள்.

"எந்தக் கண்ணு?"

"இடது."

"அடடா."

அவ்வளவுதான் சொன்னாள். மறு ஞாயிறு ஜன்னல் திரைகள் இழுத்துவிடப்பட்டிருந்தன. பேப்பர் எடுத்து மேலே வைக்கப்பட்டிருந்தது. உறுத்தல் போகும்வரை அவரைப் படிக்க விடாதீங்கப்பா என்று மாமனாரிடம் சொல்லிவிட்டுப் போனாள். அவர் விடவில்லை. இருட்டில் உட்கார்ந்து நான் மவுத் ஆர்கன் கேட்டேன். அலாரம் அடித்தபோது வெளிச்சத்தைப் பார்க்கும் ஆசையில் நானே எழுந்து போய்க் கிளறினேன். ஏணியின் மேல் படியில் நின்று மைத்துனன் சொன்ன பழைய நகைச்சுவைகள் எல்லாம் நினைவுக்கு வந்தன. அவ்வளவு மோசமில்லை அவை.

அன்றும் கண் சோதனை நடந்தது. இப்போது அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். முடிந்ததும் தன் கண்ணும் கொஞ்சம் உறுத்துவதாகவும், அந்த மருந்தில் இரண்டு சொட்டு விட முடியுமா என்றும் கேட்டார். நான் பாட்டிலைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு, இது ஆளுக்கு ஆள் மாறும் மருந்து என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன்.

அடுத்த ஞாயிறு வந்தது. வழக்கம்போல முதலில் தொட்டியிலிருந்து பழைய தண்ணீரை இறக்கினேன். பஞ்சை அந்தத் தண்ணீரிலேயே அலசி மாட்டினேன். பிறகு செருப்பு அலமாரிக்குப் போய்க் கீழ்த்தட்டில் கை விட்டேன். பாலீஷ் டப்பா இருந்தது. அதற்குப் பின்னால் சுவர் இருந்தது.

பாட்டில் இல்லை.

அலமாரியை நகர்த்தினேன். எல்லா ஷூவுக்குள்ளும் கை விட்டேன். மைத்துனன் வீட்டுக்குப் போட்டுக்கொண்டு போகும் பழைய செருப்பைத் தலைகீழாக உதறினேன். காய்ந்த பெயிண்ட்தான் விழுந்தது. ஞாயிறு என்பதால் வண்ணமீன் கடையும் கிடையாது.

முதலில் பதறவில்லை. இன்று ஊற்றாவிட்டால் என்ன? தொட்டியில் தண்ணீர் கொஞ்சம் குறைவாக இருக்கும். நாளை மருந்து வாங்கிக்கொள்ளலாம். இப்படி நினைத்துக்கொண்டு திரும்பினால் மாமனார் ஜக்கோடு நிற்கிறார்.

"எறக்கிட்டீங்க. ஏத்த வேண்டாமா?"

இன்னும் ஆறவில்லை என்றேன். அவர் போய்க் கிளறிவிட்டு வந்தார். மதியம் மறுபடி ஜக்கோடு வந்தார். வாசனை போகவில்லை என்றேன். மூன்று வாளியிலும் மூக்கை விட்டு முகர்ந்து பார்த்துவிட்டு, ஒரு வாசனையும் இல்லை என்றார். அது உண்மைதான். இந்த ஜோடி வாசனை காட்டாமல் குடியிருக்கும் ஜோடி. தண்ணீர் சில்லென்று இருக்கிறது என்றேன். மணிக்கட்டை விட்டுப் பார்த்தார். என்னைப் பார்த்துக் கற்றுக்கொண்டது. தொட்டியில் ஒரு மணிக்கட்டு, வாளியில் ஒரு மணிக்கட்டு. எடை சரி என்பதுபோலத் தலையசைத்தார். குறைந்த தண்ணீரில் மேனேஜர் சுற்றிச் சுற்றி வந்தது. நான் போனதும் நெருங்கி வந்து மூக்கை வைத்தது.

என்னிடம் மிச்சமிருந்த காரணங்களை எண்ணிப் பார்த்தேன். தாத்தா இறந்துவிட்டார் என்பது ஒன்றுதான் பாக்கி.

சாயங்காலம் வாசலில் பேச்சுக்குரல் கேட்டது. மனைவியும் மைத்துனனும். அப்பாவை அழைத்துப்போக அவன் வந்திருந்தான். கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டியிருந்தான். அவர்கள் கூடத்துக்குள் காலெடுத்து வைத்த நேரம், மாமனார் நீல வாளியைத் தொட்டிக்கருகே இழுத்து வைத்து ஜக்கை முக்கி எடுத்துவிட்டார்.

"நாள் முடியப்போகுது, மாப்பிள்ளை. அவ வந்து கேட்டா நான் என்ன பதில் சொல்றது?"

"அஞ்சு நிமிஷம், மாமா."

"ஒரு நாள்னு கணக்கு. ஒரு நாள் ஆயிடுச்சு."

ஜக் தொட்டியின் விளிம்புக்கு மேலே போனது. மேனேஜர், சாப்பாடு வருகிறது என்று நினைத்து, அதற்கு நேர் கீழே வந்து வாயைத் திறந்தது.

நான் அவர் கையைப் பிடித்துவிட்டேன்.

"ஊத்தாதீங்க மாமா. அது ஆறலை. ஆறவும் ஆறாது. ஒரு நாள் இல்லை, ஒரு வருஷம் வெச்சாலும் அதுல இருக்கறது போகாது. சொட்டு மருந்து விட்டாத்தான் போகும். விட்டா அஞ்சே நிமிஷம். காவல் வேண்டாம். கிளற வேண்டாம். எல்லாம் நானா சொன்னது. ஏணி பிடிக்க முடியாம சொன்னது."

மாமனார் மற்றொரு கையிலிருந்த கரண்டியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அப்போ நான் கிளறினது?"

என் மனைவி கைப்பையைக் கழற்றி ஆணியில் மாட்டினாள்.

"ஊத்துங்கப்பா," என்றாள். "நான் காலையிலயே மருந்து விட்டுட்டேன். மூணு வாளியிலயும்."

என் பிடி தானாகத் தளர்ந்தது. அவர் ஊற்றினார். விழுகிற தண்ணீரில் மேனேஜர் எதிர்நீச்சல் போட்டது.

அவள் கைப்பையிலிருந்து பாட்டிலை எடுத்து மேஜைமேல் வைத்தாள். அப்பா கண்ணில் விட்டுக்கொள்ளக் கேட்டாராம், அதனால் பயந்து எடுத்து வைத்துக்கொண்டாளாம். குரலில் கோபம் எதுவும் இல்லை. எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டேன்.

"முதல் வாரமே. உங்க ஷூவுக்கு யாரு பாலீஷ் போடறான்னு நெனைச்சீங்க?"

நான் செருப்பு அலமாரியைப் பார்த்தேன். ஷூ பளபளவென்று இருந்தது.

"லேபிளைச் சுரண்டியிருந்தேனே."

"பெரிய எழுத்தைத்தான் சுரண்டியிருந்தீங்க. பொடி எழுத்து அப்படியே இருந்துச்சு. நீங்க போட்டுக் குடுத்த கண்ணாடி ரொம்ப நல்லா தெரியுதுங்க."

"அப்பவே ஏன் சொல்லலை?"

"லீவு கேட்டீங்க. குடுத்தேன்."

மைத்துனன் இதையெல்லாம் கேட்டும் கேட்காததுபோல, சுருட்டிய கால்சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டிருந்தான். ஓரமெல்லாம் ஈரம். பெயிண்ட் ஈரமில்லை. அதில் ஒரு பாசி இழைகூட ஒட்டியிருந்தது.

"நீங்களும் வந்திருந்தா நல்லா இருந்திருக்கும் அத்தான்," என்றான் உண்மையான வருத்தத்தோடு. "துடுப்புப் போட இன்னொரு ஆள் இல்லாம படகு வட்டம் போடுது."

"என்ன படகு?"

"ஏரியில. அக்கா சொல்லலையா?"

நான் அவளைப் பார்த்தேன். அவள் தலைமுடியைக் கோதிக்கொண்டிருந்தாள். காற்றில் கலைந்த முடி. வெயிலில் சிவந்த முகம். பெயிண்ட் இல்லாத கை. எல்லாம் என் கண் முன்னால் வாராவாரம் வந்து நின்றவை. பலகையின் கடைசி வரியைவிடப் பெரிய எழுத்து.

"நீங்க கடைசியா ஏணி பிடிச்ச அன்னிக்கே பெயிண்ட் வேலை முடிஞ்சுடுச்சு," என்றாள். "இனிமே ஞாயித்துக்கிழமை எல்லாரும் ஏரிக்குப் போகலாம்னு தம்பி சொன்னான். உறையை ஊறப்போட்டுக்கிட்டே அதைச் சொல்லலாம்னுதான் அன்னிக்குப் பாத்ரூமுக்கு வந்தேன். வாளியில கை வெச்சேன். தொடாதேன்னீங்க."

மாமனார் கடைசி ஜக்கை ஊற்றிவிட்டு, தண்ணீர் மட்டத்தைக் குனிந்து பார்த்துச் சரி என்றார்.

"அடுத்த வாரம் நானும் வரேன்," என்றேன்.

மாமனார் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு மவுத் ஆர்கனை எடுத்துச் சட்டையில் துடைத்தார். "இப்பதான் மாப்பிள்ளை, அந்த எடம் கைக்கு வருது," என்றார். "காலையில ஒரு தடவை தாண்டிட்டேன். நீங்க ஷூவுக்குள்ள எதையோ தேடிக்கிட்டு இருந்தீங்க."

"அப்பாவுக்குப் படகுல ஏறினா தலை சுத்தும்," என்றாள் என் மனைவி. "யாராவது ஒருத்தர் வீட்டுல இருக்கணுமே."

மைத்துனன் அதற்கு ஆமோதிப்பாக ஏதோ முனகினான். அவள் காப்பி போடப் போனாள். ஏரியில் இன்று வாத்துகள் வந்திருந்ததைப் பற்றி அவர்கள் சமையலறை வாசலில் பேச ஆரம்பித்தார்கள். மாமனார் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு முதலிலிருந்து ஏறத் தொடங்கினார்.

அலாரம் அடித்தது.

நான் எழுந்து கரண்டியை எடுத்துக்கொண்டு போய், சிவப்பு வாளியைக் கிளறினேன். பிறகு பச்சையை.